பன்னிரண்டாவது எலுமிச்சை

ஜனவரி 19, திங்கள்

இன்று முதல் நாட்குறிப்பு. கோமதியின் உத்தரவு. கோமதி என் அக்கா உலகம்மாளின் மகள். லுவாரா தீவுகளுக்கு நம் நாடு செய்து கொடுக்கும் செயற்கைக்கோளுக்குத் தரையில் ஒரு நிலையம் கட்ட வேண்டும், அந்த வேலைக்கு அவள்தான் தலைவி. "மாமா, தினமும் என்ன வேலை நடந்துச்சுன்னு நாலு வரி எழுதி வைங்க. கடைசியில அறிக்கைக்கு வேணும். நடந்ததை மட்டும் எழுதுங்க, நடந்ததை மட்டும்" என்றாள். நடந்ததை மட்டும் என்பதை ஏன் இரண்டு தடவை சொன்னாள் என்று தெரியவில்லை.

எழுதுவது யார்: ஆவுடையப்பன், வயது ஐம்பத்தெட்டு. படிப்பு எட்டாம் வகுப்பு. கணக்கு வாத்தியாருக்கு என்மேல் பொறாமை, இல்லாவிட்டால் கலெக்டர். உத்தியோகம்: சர்வதேச விண்வெளிச் சரக்குத் தலைமை ஆலோசகர். கழுத்தில் தொங்கும் அட்டையில் 'பேக்கிங்' என்று போட்டிருக்கிறார்கள். அட்டை சின்னது, இடம் இல்லை.

லுவாரா என்பது நடுக்கடலில் இறைத்துப் போட்ட மாதிரி நாற்பது தீவுகள். ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்குப் பேச வேண்டுமென்றால் ரேடியோப் பெட்டி. மழை வந்தால் அதுவும் கிடையாது. கோள் செய்ய அவர்களுக்கு வசதி இல்லை. அதனால் இரண்டு அரசாங்கமும் உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டன. கோளை நாம் செய்து, நாமே மேலே ஏற்றி, அங்கே போய்க் கீழே பெரிய குடை போல ஏரியலும் நட்டு, ஆட்களுக்குப் பழக்கிக் கொடுத்துவிட்டு வர வேண்டும். பெண்ணைக் கட்டிக் கொடுத்துக் குடித்தனமும் வைத்துவிட்டு வருவது மாதிரிதான். இந்த உவமையை ஒரு மந்திரியிடமே சொன்னேன். குறித்துக்கொண்டார்.

இன்று குடையைப் பிரித்துப் பதினொரு மரப்பெட்டிகளில் அடைத்து முடித்தோம். மரத்தில் பூச்சி இருக்கக் கூடாது என்று புகை போட்டு முத்திரை குத்தினோம். லுவாராக்காரர்கள் இந்த விஷயத்தில் ரொம்பக் கறாராம். பெட்டிக்குள் வைக்கோல், இலை, விதை ஒன்றும் கூடாது. கோமதி எங்கள் எல்லோரையும் நிறுத்தி வைத்துச் சொன்னாள். அப்புறம் 'ஒன்றும் இல்லை' என்று உறுதிமொழித் தாளில் கையெழுத்துப் போட்டாள்.

ஏழாம் பெட்டியில்தான் மூக்கு. குடைக்கு நடுவில் நீட்டிக்கொண்டு நிற்குமே, அதை நாங்கள் மூக்கு என்போம். வானத்திலிருந்து வருவதை முகர்ந்து பிடிப்பது அதுதான். மூக்கு இல்லாவிட்டால் அது மழைக்குக்கூட ஆகாத குடை.

நாலு மணிக்கு டிரெய்லர் துறைமுகத்துக்குக் கிளம்பியது. ஒரு டஜன் எலுமிச்சை வாங்கியிருந்தேன். பத்துச் சக்கரத்துக்குப் பத்து. ஒன்றை ஜூஸ் பிழிந்து சர்க்கரை போடாமல் குடித்தேன். டிரைவர் பழங்களை நசுக்கிக்கொண்டு போன அழகைப் பார்த்து ஐந்நூறு பேர் கைதட்டினார்கள்.

பிப்ரவரி 27, வெள்ளி

கோள் ஏறிவிட்டது. டீக்கடையில் டிவி பார்த்தோம். ராக்கெட்டுக்கு எண்ணெய் போட்டதே நான்தான் என்று கடைக்காரரிடம் சொன்னேன். ஒரு டீ இலவசம்.

டிவியில் கோமதி முகத்தை ஒரு நொடி காட்டினார்கள். சுற்றி எல்லோரும் கைதட்டினார்கள். அவள் தட்டவில்லை. மூன்று வருஷத்துக்கு முன் அவள் வேலை பார்த்த முதல் கோள் மேலே போய் ஊமையாகிவிட்டது. பிழை எங்கேயோ யாருடையதோ. ஆனால் அக்கம்பக்கத்தில் ஒரு பேச்சு கிளம்பியது, அவள் கை ராசியில்லை என்று. இரண்டு மாப்பிள்ளை வீட்டார் அதைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள். அதை அக்கா என்னிடம் சொல்லி அழுதாள். கோமதி அழுது நான் பார்த்ததில்லை.

மார்ச் 2, திங்கள்

மூன்று விமானம் மாறி லுவாரா வந்து சேர்ந்தோம். இறங்கும்போது இரண்டு முட்டியும் என்னோடு இறங்கவில்லை. இரண்டாவது விமானத்தில் பைலட்டே வந்து என்னிடம் காற்று எப்படி என்று கேட்டார்.

"அண்ணாச்சி, அது காப்பி கொண்டாந்த ஆளுலா" என்றான் பெலிக்ஸ்.

பெலிக்ஸ் உவரிக்காரன். கனத்த சாமான்களைத் தூக்கி நிறுத்துவதில் கெட்டிக்காரன். வாய்தான் நீளம். இந்த ஊர்க் குடியேற்றத் தாளில் என் தொழில் 'பேக்கர்' என்று எழுதி வைத்துவிட்டான். கிழிக்கச் சொல்லி வேறு தாள் வாங்கி 'ஸ்பேஸ் அட்வைசர்' என்று எழுத வைத்தேன். அதிகாரி என்னை நிமிர்ந்து பார்த்தார். என் வேட்டியையும் பார்த்தார்.

"நீரு விடுத கதைக்கு ராக்கெட்டே வேண்டாம்வே, அதுவே மேல போயிரும்" என்றான் பெலிக்ஸ்.

தங்குவதற்கு மலையடிவாரத்தில் ஒரு தகரக்கூரை வீடு. புழுக்கம். போன் எடுக்காது. டவுனுக்குப் போய்ப் பேச வேண்டும். மலைமேல் குடை நடுகிற மேடை தயாராக இருக்கிறது. இருபத்தாறாம் தேதி மேலே இருக்கும் கோளும் கீழே இருக்கும் குடையும் பேசிக்கொள்ள வேண்டும். அதற்குள் எல்லாவற்றையும் பூட்டி முடிக்க வேண்டும்.

மார்ச் 4, புதன்

பத்துப் பெட்டி வந்துவிட்டது. ஒன்று வரவில்லை.

மார்ச் 5, வியாழன்

வராதது ஏழாம் பெட்டி. துறைமுகத்தில் மோப்ப நாய் அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டதாம், எழுந்திருக்கவே இல்லையாம். பெட்டியைத் திறந்தார்கள். ஈரம் உறிஞ்சப் போடும் பொட்டலங்களுக்கு நடுவே மஞ்சள் துணியில் கட்டின ஒரு எலுமிச்சம்பழம். காய்ந்து கறுத்துப் போய்விட்டது. பயிர்நோய்த் தடுப்பு அலுவலகத்தார் பெட்டியைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள்.

பெலிக்ஸ்தான் வந்து சொன்னான். சொல்லும்போது என் முகத்தையே பார்த்தான்.

"என்னவே என்னைப் பாக்க?" என்றேன்.

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி. சும்மா பாத்தேன்."

யாரோ ஒரு முட்டாள் செய்த வேலை. பேக்கிங் கொட்டகைக்குள் ஒரு நாளைக்கு நாற்பது பேர் வருவார்கள், போவார்கள். வடக்கத்தி ஆட்கள்கூட உண்டு. யாரை என்று சொல்வது. கோமதி டவுனிலிருந்து சாயங்காலம் வந்தாள். சாப்பாடு வேண்டாம் என்றாள். நான் வைத்த ரசத்தை இந்நாட்டு ராஜாவே கேட்டு வாங்கிக் குடிப்பார், அவள் வேண்டாம் என்கிறாள்.

மார்ச் 6, வெள்ளி

மழை. முட்டி வலி. ஜனவரியில் வாங்கின டஜனில் பன்னிரண்டாவது எலுமிச்சை கொட்டகைத் தரையில் உருண்டு எங்கேயோ போயிருக்கும். எழுதி வைக்கிறேன்.

மார்ச் 8, ஞாயிறு

காலையில் உலை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். பெலிக்ஸ் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். பூசைக்கு டவுனுக்குப் போகவில்லையா என்றேன். போகவில்லை என்றான். வெங்காயத்தை எடுத்து உரிக்க ஆரம்பித்தான். அவன் உரித்து நான் பார்த்ததே இல்லை.

"கோமதியம்மா என்ன சொல்லிருக்காவ தெரியுமா அண்ணாச்சி?"

"என்ன சொன்னா?"

"பழத்த நான்தான் வச்சேன்னு சொல்லிட்டாவ."

நான் அரிசியைக் கிளறினேன். கிளற வேண்டிய நேரம் இல்லை.

பெலிக்ஸ் கூடவே போயிருந்ததால் எல்லாம் கேட்டிருக்கிறான். அலுவலகத்தில் ஓனெல்லா என்று ஓர் அம்மாள் அதிகாரி. மஞ்சள் துணியை அவிழ்த்துப் பழத்தோடு இருந்த சீட்டை எடுத்து கோமதியிடம் நீட்டியிருக்கிறாள். இது என்ன எழுத்து, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டிருக்கிறாள். கோமதி வாசித்துவிட்டு அதை மடித்து மேஜைமேல் வைத்தாளாம். அப்புறம், "என் பேரு. நான்தான் வச்சேன்" என்றாளாம்.

"சீட்டுல அவுக பேரும் நட்சத்திரமும் இருந்துச்சு. 'கோ'வுக்குச் சுழி ரெண்டு சுத்துச் சுத்திருந்துச்சு. நம்ம கொட்டகைல அப்படிச் சுழிக்கிறது யாருன்னு எனக்கே தெரியும். அவுகளுக்குத் தெரியாதா?"

"எத்தனையோ பேரு அப்படிச் சுழிப்பான்."

"சரி" என்றான் பெலிக்ஸ். வெங்காயம் முழுவதும் உரித்து முடித்துவிட்டுத்தான் மிச்சத்தைச் சொன்னான். ஒன்றும் இல்லை என்று கையெழுத்துப் போட்டவளே தெரிந்து வைத்திருந்தால் அது பொய் உறுதிமொழி. பெட்டியை உள்ளே இருப்பதோடு எரிப்பார்கள். கோமதி பெயரைக் கறுப்புப் பட்டியலில் ஏற்றுவார்கள். நம் ஆட்களுக்கும் எழுதுவார்கள். வியாழக்கிழமை முடிவு. புது மூக்கு செய்து வர நாலு மாசம்.

"இன்னொரு கோள் ஊமையாப் போச்சுன்னா அவுகளுக்கு வேலையே இருக்காது அண்ணாச்சி. கோளு நல்லாத்தான் இருக்கு. ஆனா அதையா எழுதுவான்?"

மதியம் கோமதி தட்டோடு என் எதிரில் உட்கார்ந்தாள். இரண்டு கவளம் சாப்பிட்டாள்.

"டைரி எழுதுறீங்களா மாமா?"

"தவறாம எழுதுதேன்."

"நடந்ததையா?"

"நடந்ததையும்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. எழுந்து தட்டைக் கழுவினாள். என் தட்டையும் வாங்கிக் கழுவினாள்.

மார்ச் 9, திங்கள்

குடையின் இதழ்கள் எல்லாவற்றையும் மலைமேல் பூட்டினோம். இருபத்து நாலு இதழ். நான் கீழே நின்று கை காட்ட, பெலிக்ஸ் மேலே முடுக்கினான். நான் கை காட்டிய நேர்த்தியைப் பற்றி வேறொரு நாள் எழுதுகிறேன். இன்று தெம்பு இல்லை.

மத்தியானம் ஒரு நர்ஸ் மலையேறி வந்தாள். கடைசித் தீவில் இருக்கிறாளாம். படகில் ஒன்பது மணி நேரம். மருந்து வாங்க டவுனுக்கு வந்தவள், குடையைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறாள். போன மழைக்காலத்தில் ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்கு என்ன செய்வதென்று டாக்டரைக் கேட்க ரேடியோவோடு இரண்டு நாள் போராடினாளாம். முடிவு என்ன ஆயிற்று என்று கோமதி எங்களுக்குத் தமிழில் சொல்லவில்லை.

போகும்போது குடைக்கு நடுவே ஒன்றுமில்லாத இடத்தைக் காட்டி ஏதோ கேட்டாள். "அங்க என்ன வரும்னு கேக்குறாங்க" என்றாள் கோமதி. கேட்டது அவளிடம். அவள் பார்த்தது என்னை.

மார்ச் 10, செவ்வாய்

மார்ச் 5, மார்ச் 6 இரண்டு நாளும் எழுதியது பொய். கிழித்துவிடலாம் என்று பார்த்தேன். பக்க எண் அச்சடித்த நோட்டு.

நடந்தது இது. ஜனவரி 18 ஞாயிற்றுக்கிழமை எங்கள் இசக்கியம்மன் கோயிலுக்குப் போனேன். எலுமிச்சம்பழத்தை அம்மன் காலடியில் வைத்து எடுத்து, கோமதி, கேட்டை நட்சத்திரம், விருச்சிக ராசி என்று நான் எழுதிக் கொடுத்த சீட்டையும் மஞ்சள் துணியில் சேர்த்துக் கட்டிக் கொடுத்தார் பூசாரி. வீட்டு நிலைப்படியில் கட்டச் சொன்னார். கோமதி இருப்பது ஆபீஸ் குடியிருப்பில். அங்கே நான் எதைக் கொண்டுபோய்க் கட்டுவது? மறுநாள் ஏழாம் பெட்டி திறந்திருந்தது. மூக்கைப் பார்த்தேன். இது வேலை செய்யாவிட்டால் எங்கள் பிள்ளையை ஊர் சும்மா விடாது என்று தோன்றியது. புகை போட்டு முத்திரை குத்தியாயிற்று, இனி யாரும் திறக்கப் போவதில்லை. பொட்டலங்களுக்கு நடுவே வைத்தேன். கூடாது என்று அவள் காலையில் சொன்னது காதில் இருந்தது. நம் ஊர்ப் பழம்தானே, அது யாரை என்ன செய்யும் என்று நினைத்தேன். வைத்துவிட்டு ஆணியும் நானே அடித்தேன்.

டஜனில் பத்து சக்கரத்துக்கு. ஒன்று ஜூஸ். பன்னிரண்டாவதை டிரைவர் வண்டிக்கு முன்னால் தொங்கவிடக் கேட்டார், கொடுத்தேன். ஆக அந்தப் பழம் பன்னிரண்டிலும் சேராது. அது பதின்மூன்றாவது. பழக்காரம்மா டஜனோடு கொசுறாகக் கொடுத்தது, கணக்கிலேயே எழுதாதது.

இதை எழுதவே பாதிப் பகல் போய்விட்டது. இதற்குமுன் இவ்வளவு நேரம் எடுத்து நான் எதையும் எழுதியதில்லை. கூட்டி எழுதினால் வேகமாக வருகிறது.

மார்ச் 11, புதன்

காலையில் கோமதியிடம், "நானும் டவுனுக்கு வாறேன்" என்றேன்.

"எதுக்கு?"

"முட்டிக்கு மருந்து வாங்கணும்."

ஜீப்பில் போனோம். அலுவலக வாசலில் நானும் இறங்கினேன். "மருந்துக்கடை அந்தப் பக்கம் மாமா" என்றாள். "தெரியும்" என்று சொல்லிவிட்டு அவளுக்கு முன்னால் உள்ளே போனேன்.

ஓனெல்லா அம்மாள் என் வயசு இருப்பாள். ஆறடி உயரம் என்று எழுத ஆசை. ஐந்தடிதான். மூக்குக்கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தாள். அவள் மேஜைமேல் தாள் பறக்காமல் இருக்க உருண்டையாக ஒரு கண்ணாடிக் குண்டு இருந்தது. அதை எடுத்தேன். என் கைக்குட்டையை விரித்தேன். குண்டை நடுவில் வைத்தேன். ஒரு சீட்டில் எழுதுகிற மாதிரி விரலால் எழுதிக் காட்டி அதையும் உள்ளே வைத்துக் கட்டினேன். அவள் கோப்புகளுக்கு நடுவே செருகினேன். சுற்றிலும் பார்த்தேன், யாரும் பார்க்கவில்லையே என்று பார்ப்பது போல. அப்புறம் ஆணி அடித்தேன். கடைசியில் என் நெஞ்சில் தட்டிக் காட்டினேன்.

அந்த அம்மாள் கோமதியைப் பார்த்தாள். கோமதி சுவரைப் பார்த்தாள்.

"சொல்லு கோமு" என்றேன். ஆபீஸ் வேலையில் கோமு என்று கூப்பிடக் கூடாது என்று ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள்.

"என்ன சொல்ல மாமா? வாங்க, வெளிய போவோம்."

சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்துக் கொடுத்தேன். "எழுதிட்டு வந்திருக்கேன். அப்படியே வாசிச்சு இங்கிலீஷ்ல சொல்லு. ஒண்ணும் கூட்டாதே."

தாளில் இருந்தது இவ்வளவுதான்: ஏழாம் பெட்டியில் எலுமிச்சையை வைத்தது நான். ஜனவரி 19, மதியம், புகை போட்டு முத்திரை குத்திய பிறகு. கோமதிக்குத் தெரியாது. வைக்கக் கூடாது என்று எங்களிடம் சொல்லியிருந்தாள். ஆவுடையப்பன்.

அவள் வாசித்தாள். மூன்றாவது வரியில் தாளை மடித்தாள், மறுபடி விரித்தாள். திரும்ப ஆரம்பித்துச் சொன்னாள்.

ஓனெல்லா அம்மாள் பழைய சீட்டை எடுத்து என் தாளுக்குப் பக்கத்தில் வைத்தாள். தமிழ் தெரியாவிட்டாலும் சுழி தெரியுமே. இரண்டிலும் விரலை வைத்துப் பார்த்தாள். அப்புறம் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாள். ஏன் என்று கேட்கிறாள் என்பது கோமதி சொல்லாமலே புரிந்தது.

என்னிடம் மூன்று பதில் தயாராக இருந்தன. ஒன்றில் அமெரிக்காக்காரர்களும் இப்படித்தான் பழம் வைத்து அனுப்புகிறார்கள் என்று வரும். மூன்றையும் விட்டுவிட்டேன்.

"பயம்" என்றேன்.

கோமதி அதையும் சொன்னாள்.

அந்த அம்மாள் எழுந்து சுவரில் மாட்டியிருந்த ஒரு படத்தைக் காட்டினாள். மலைச்சரிவு முழுக்க மரங்கள். கோமதி மெதுவாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். இந்தத் தீவுகளுக்கு எலுமிச்சைதான் சோறு போட்டது. பதினாறு வருஷத்துக்கு முன் யாரோ வெளியிலிருந்து ஒரு நோயைக் கொண்டு வந்தார்கள். தெரியாமல்தான் கொண்டு வந்தார்கள். படத்தில் இருப்பது அவள் அப்பாவின் தோட்டம். நானூறு மரம். அவரே வெட்டி அவரே எரித்தாராம். இப்போது அந்த மலையில்தான் எங்கள் குடை நிற்கிறது.

கைக்குட்டையை அவிழ்த்துக் கண்ணாடிக் குண்டை எடுத்த இடத்தில் வைத்தேன்.

வெளியே வந்தோம். கோமதி ஜீப்பில் ஏறவில்லை. கடலைப் பார்த்து நின்றாள்.

"உன் தலையில ஏன் இழுத்துப் போட்டுக்கிட்ட?" என்று கேட்டேன். நான் சொல்ல நினைத்தது வேறு, வாயில் வந்தது இது.

"உங்களைப் பிடிச்சு உள்ள வச்சா அம்மாவுக்கு யாரு பதில் சொல்றது?" என்றாள். அப்புறம், "அது பரவாயில்லை மாமா. அந்தச் சீட்டுதான்."

"உன் நல்லதுக்குத்தான்..."

"ஊரு ராசியில்லாதவன்னு சொல்லிச்சு. நான் கேட்டுக்கல. ஏன்னா, எங்க மாமா இருக்காரு, போற இடமெல்லாம் எங்க கோமதி மாதிரி உண்டான்னு அளந்துக்கிட்டு அலையிறாருன்னு நினைச்சேன். நீங்க சொல்ற கதையில எனக்குப் பிடிச்சது அது ஒண்ணுதான். கடைசியில நீங்களும் அதைத்தான் நம்பியிருக்கீங்க. பேரும் நட்சத்திரமும் போட்டு எழுதி வச்சிருக்கீங்க."

அவள் அழுததை இன்றுதான் பார்த்தேன். முந்தானையை எடுத்துக் கொடுக்க நான் பெண்பிள்ளை இல்லை. கைக்குட்டையைக் கொடுத்தேன். அதே கைக்குட்டை.

மார்ச் 12, வியாழன்

முடிவு வந்துவிட்டது. பெட்டி, துணி, பழம், பொட்டலம் எல்லாம் எரிக்க வேண்டும். மூக்கு உலோகம்தான் என்பதால் மருந்து போட்டுத் துடைத்துத் தருவார்கள். கோமதிமேல் குற்றம் இல்லை. ஆவுடையப்பன் ஐந்து வருஷத்துக்கு இந்நாட்டுக்குள் வரக் கூடாது. அடுத்த விமானம் வரை வீட்டை விட்டுப் போகக் கூடாது. பாஸ்போர்ட் அவர்களிடம்.

பெலிக்ஸ் சொன்னான்: "அண்ணாச்சி, ஒரு நாட்டுக்காரனே நம்மளப் பாத்துப் பயந்து வராதேன்னு சொல்லுதான். ஊருல போயி இத எப்படி விடுவீரு, பாக்கணும்."

அவன் எதிர்பார்த்து நின்றான். எனக்கு ஒன்றும் வரவில்லை. அவனுக்குத்தான் முகம் வாடிப் போயிற்று.

மார்ச் 14, சனி

வேலை இல்லை. மூன்று வேளையும் சமைத்தேன்.

மார்ச் 17, செவ்வாய்

இங்கிருந்து பார்த்தால் மலை தெரிகிறது. மூக்கை ஏற்றினார்கள். யார் கீழே நின்று கை காட்டினார்கள் என்று தெரியவில்லை. கை காட்ட ஆள் இல்லாமலும் ஏறியது.

மாலையில் குடை மெதுவாகத் திரும்பியது. யாரோ கூப்பிட்டுத் திரும்புவது போல. நான் வாசலில் எழுந்து நின்றேன். ஏன் நின்றேன் என்று தெரியவில்லை. உட்காரும்போது முட்டி வலித்தது.

மார்ச் 21, சனி

விமான நிலையத்துக்குக் கோமதி வந்தாள். டைரியைத் தரவா என்று கேட்டேன். "உங்ககிட்டயே இருக்கட்டும். முடியட்டும்" என்றாள். பத்தாம் தேதிப் பக்கத்தை மடித்து வைத்திருந்தேன், அதையும் திறந்து பார்க்கவில்லை. "முட்டிக்கு மருந்து" என்று ஒரு பொட்டலம் கொடுத்தாள். அன்று நான் வாங்கப் போவதாகச் சொன்ன மருந்து. காலில் விழுந்து கும்பிடுகிற பழக்கம் உண்டு அவளுக்கு, ஊருக்குப் போகும்போதெல்லாம். இன்று கையை மட்டும் ஆட்டினாள்.

மார்ச் 26, வியாழன்

வீட்டில் இருக்கிறேன். அக்கா காலையிலேயே வந்துவிட்டாள். அவளிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். ஒரு வாரம் பேசமாட்டாள் என்று நினைத்தேன். ஒரு டம்ளர் மோர் கொடுத்தாள். பேசவில்லை.

பதினொன்றரைக்குப் போன் அடித்தது. எண்ணே இல்லை, வெறும் கோடு.

"மாமா, கேக்குதா?"

"கேக்குது, கேக்குது! எங்கருந்து பேசுத?"

பதில் இல்லை. போயிற்று என்று நினைத்தேன். அப்புறம் வந்தது. நான் பேசுவது மேலே போய்க் கீழே இறங்கி அவளிடம் சேர்ந்து, அவள் பேசுவது அதே வழியில் வர வேண்டுமாம். அதற்கு அரை நொடி, ஒரு நொடி. குறுக்கே பேசாமல் காத்திருக்க வேண்டும். எனக்குப் பழக்கமில்லாத காரியம்.

"கடைசித் தீவிலருந்து பேசுறேன். அந்த நர்ஸம்மா ஆஸ்பத்திரி. டாக்டர்கிட்ட அவங்க பேசிட்டாங்க. வெளிநாட்டுக்கு இதுதான் முதல் கால்."

அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு காதைக் கிட்டே கொண்டு வந்தாள். பக்கத்தில் யாரோ சிரிப்பது, ஒரு குழந்தை அழுவது, காற்று, எல்லாம் கேட்டது.

"மாமா, பதிவேட்டில எழுதணும். முதல் கால் யாருக்குப் போட்டோம், அவங்க பேர், உத்தியோகம். என்னன்னு போடட்டும்?"

இந்தத் தடவை தாமதம் என் பக்கத்தில்.

"பேக்கிங் ஆளுன்னு போடு" என்றேன்.

ஒரு நொடி.

"சரி மாமா" என்றாள். அப்புறம், "என்னோட மாமான்னும் சேர்த்துப் போடுறேன்."

அக்கா போனைப் பிடுங்கிக்கொண்டாள். அவள் பேசுகிறாள், கோமதி பேசுவதற்கு முன் அவளே மறுபடி பேசுகிறாள், இருவரும் இடித்துக்கொள்கிறார்கள். நான் மோரைக் குடித்தேன்.

ஏப்ரல் 6, திங்கள்

என்னை வெளிநாட்டுச் சரக்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். இனி உள்ளூருக்குப் போகும் தண்ணீர் மோட்டார் பெட்டிகள். அடுத்த நாட்டுக்கு வேறு ஆள் போகிறார். அவருக்குப் பெட்டி எப்படிக் கட்டுவது என்று அரை மணி நேரம் சொல்லிக் கொடுத்தேன். மந்திரி கதையைச் சொல்லவில்லை.

டீக்கடைக்காரர் கேட்டார், "என்ன அண்ணாச்சி, தீவுல ராஜா விருந்து வச்சாரா?" கால் வலிக்குது, அப்புறம் சொல்லுதேன் என்று வந்துவிட்டேன். டீக்குக் காசு வாங்கிக்கொண்டார்.

இன்று கோயம்புத்தூருக்கு ஒரு லாரி. ஆறு சக்கரம். ஆறு எலுமிச்சை வாங்கினேன். பழக்காரம்மா எப்போதும் போலக் கொசுறு ஒன்றை எடுத்து நீட்டினாள்.

வேண்டாம் என்றேன்.